பதினான்காம் பக்கத்துப் புகார்

"இந்த முத்திரையைக் குத்த வச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. அவங்க முகத்தை ஒருதரம் பார்க்கணும்," என்று ஓவியர் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். துணைக்கு வந்திருந்த அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இருந்தவர் அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வுக்குப் பிறகு மொட்டைக் கடிதம் எழுதியவர்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்திருந்தார். பக்கத்தில் கணினியோடு இருந்த மருமகள்தான் அவருக்கு வலது கை.

ஓவியர் மூச்சு விடாமல் கொட்டினாள். புற்றுநோயில் தன் வலது மார்பை எடுத்த கதையை அவள் படக்கதையாக வரைந்து இணைய நூலகத்தில் ஏற்றியிருந்தாள். புதிதாக வரும் நோயாளிகளுக்கெல்லாம் மருத்துவமனைத் தாதி அதைத்தான் படிக்கக் கொடுப்பாள். ஒன்பது நாளுக்கு முன் யாரோ புகார் செய்ய, 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற முத்திரை விழுந்தது. மருத்துவமனைக் கணினிகளில் இப்போது அது திறப்பதில்லை. மறுபரிசீலனைக்கு ஆறு வாரமாம்.

"ஒரு பொண்ணு ஆபரேஷனே வேண்டாம்னு வீட்டுக்குப் போயிட்டா ஐயா. இதைப் படிச்சிருந்தா இருந்திருப்பா."

நூலகம் பெயரை மறைத்துப் புகாரை மட்டும் அனுப்பியிருந்தது. பெரியவர் நிதானமாகப் படித்தார்: 'பதினான்காம் பக்கத்தில் இடது மார்பை அறுத்த தழும்பு. இதை யாரும் பார்க்கக் கூடாது.'

மருமகள் அதற்குள் நூலகத்தைத் துழாவிவிட்டாள். "மாமா, புகார்ப் படிவத்துல 'மருத்துவக் காட்சி'ன்னு தனி வகையே இருக்கு. அதைத் தேர்ந்தெடுத்தா வெறும் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். இவங்க 'ஆபாசம்'னு போட்டிருக்காங்க. அப்படின்னாதான் மறைக்கிறாங்க. இன்னொண்ணு, பதினாலாம் பக்கத்துல பேருந்து நிறுத்தம்தான் இருக்கு. தழும்பு பன்னிரண்டுல."

"முதல் பிரதியில பதினாலு," என்றாள் ஓவியர். "ரெண்டு பக்கத்தை எடுத்துட்டுத்தான் ஏத்தினேன். அந்தப் பிரதியைப் பார்த்தது பதிப்பாசிரியரும் அக்காவும்தான்."

"அப்ப பதிப்பாசிரியர்தான் மாமா," என்று மருமகள் துள்ளினாள்.

"அவசரப்படாதே. பக்கத்தை எடுக்கச் சொன்னது யாரும்மா?"

"அவர்தான்..."

எடுக்கச் சொன்னவருக்குப் புதிய பக்க எண் தெரியாமலா போகும்? ஓவியர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்காவா? மூணு மாசம் எனக்குக் கட்டு மாத்தினவ ஐயா அவ."

"அதனாலதான் கேட்கிறேன்," என்றார் பெரியவர். "கட்டு மாத்தின கைக்கு வலது எது, இடது எதுன்னு தெரியும். உங்களுக்கு வலது. புகார்ல இடதுன்னு இருக்கு. எழுதினவங்க மனசுல உங்க உடம்பு இல்லை." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "உங்க இடது பக்கத்துல கட்டி எப்பத் தெரிஞ்சுதும்மா?"

"ரெண்டு மாசமாச்சு," என்றாள் அக்கா. " அவ படத்தைத் திறந்தா என்னையே பார்க்கிற மாதிரி இருந்துது. அது கண்ணுல படாம இருந்தா எனக்கும் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும்னு... புத்தி அப்படிப் போச்சு."

யார் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்தாளோ, அந்த முகம் இதுதான். திட்ட வந்த ஓவியர் அக்காவின் கையைப் பிடித்தாள். ரெண்டு மாசம். இன்னும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

மருமகள் வெளியே போய் மருத்துவமனைக்குப் பேசிவிட்டு வந்தாள். "நாலு மணிக்குள்ள வந்தா டாக்டர் பார்க்கிறாராம்."

அக்கா புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "ரொம்ப வலிக்குமாடி?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"வலிக்கும்க்கா," என்றாள் தங்கை. "எழுந்திரு, மணி மூணேகால்."