ஆள் எறங்கு!

இந்தக் காலத்தில் எவனும் போகும்போது போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற வினிதா காலை ஆறுக்கு வர வேண்டியவள். எட்டாகியும் ஆளைக் காணோம், வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேடைக்கு அடியிலுள்ள பள்ளத்துத் தண்ணீரை இறைக்க வந்த கரியப்பனும் நேற்று அப்படித்தான், சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டிவிட்டான். மாங்கூழ் ஆலையில் பதினோரு வருஷமாக எடைமேடைக் காவல் பார்க்கும் நாராயணப்பனுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

விடியற்காலை நாலரைக்குக் கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் படம் வரவில்லை. எப்போதும் ஒரு பச்சை மலை வரும், அதன்மேல் எடைக்கட்டம் வரும். இன்றைக்குக் கறுப்புத் திரை. மூலையில் வெள்ளையாய் ஒரு வரி எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு கோடு மின்னி மின்னி அணைந்தது. வெளியே இரவெல்லாம் பெய்த மழை இன்னும் தகரத்தில் சடசடத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அப்பால் கிருஷ்ணகிரி ரோடு வரைக்கும் நின்ற லாரிகளிலிருந்து, பழுத்து ஒழுகிப் புளிக்கத் தொடங்கிய மாம்பழ வாடை ஈரக்காற்றோடு சேர்ந்து அறைக்குள் வந்து தொண்டையில் ஒட்டியது.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்திலிருந்த எடைப்பெட்டிதான் சரியில்லை. மேடையில் ஒன்றுமே நிற்கவில்லை, சிவப்பு எண் சுழியில் இருக்க வேண்டும். பத்து என்று காட்டியது. பத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. பிறகு சுழி. பிறகு மறுபடி கோடு போட்ட பத்து.

அந்தக் கோட்டை அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

ஓசூரில் இருக்கும் சர்வீஸ்காரன் ஆனந்துக்குப் போன் போட்டார்.

"திரையில என்னா எழுதியிருக்கு, படிங்க பெரியவரே."

"ஒரு குச்சி. ஒரு முட்டை. அதுக்கப்புறம் வால் வெச்ச முட்டை."

"இங்கிலீஷ் தெரியாதா?"

"லாரி நம்பர் பலகையில வர்ற எழுத்துன்னா தெரியும்ப்பா. இது வேற எழுத்து."

ஆனந்த் சிரித்தான். "கீபோர்டுல பலகை எழுத்துதான் இருக்கும். நான் சொல்லச் சொல்ல அதையே அமுக்குங்க."

ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினார். பெயர் கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது, அதையும் கொடுத்தார். மூன்றாவதாக ஏதோ அமுக்கச் சொன்னான். வரிகள் ஓடி நின்றன.

"நூறுன்னு எங்கியாச்சும் இருக்குதா?"

"இருக்குது."

"அதான் சங்கதி. உள்ள எடமே இல்ல. எடமில்லன்னா படம் எப்படி வரும்? மேடையில எடை மாறினா மாறினதுக்கு ஒரு வரி எழுதிக்கும். அந்த வரியே ரொப்பிடுச்சு. கடைசியா என்னா எழுதுச்சுன்னு பாத்துடலாம்."

எண்கள் வந்தன. எண் படிக்க நாராயணப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடப்பக்கம் மணி, வலப்பக்கம் எடை. 16240. 16230. 16240. 16220. பக்கம் பக்கமாக அதுவே. ராத்திரி ஏழு பத்துக்குத் தொடங்கியிருந்தது. பத்து மணிக்கு அடர்த்தியாக இருந்தது. இரண்டு மணிக்கு வரிக்கு வரி இடைவெளி விழுந்திருந்தது. நாலு பத்துக்கு ஒரு வரி.

அதற்குப் பிறகு இல்லை.

"ராத்திரி லாரி நின்னுச்சா?"

"ஒண்ணு நின்னுச்சு. யார்டெல்லாம் சேறு. நான்தான் மேடை மேலயே போட்டுட்டுப் போடான்னேன். அஞ்சு மணிக்கு எடுத்துட்டாங்க."

"நின்ன லாரிக்கு எடை ஏன் மாறுது? எவனாச்சும் ஏறி எறங்கினானா?"

"மழையில எவன் ஏறுவான்?"

"ஏறினாலும் கூடத்தான் செய்யணும். இது கொறையுது. கீழருந்து எதோ மேடைய முட்டித் தள்ளுற மாதிரி." ஆனந்த் கொஞ்சம் யோசித்தான். "கீழ பள்ளத்துல போற எடைக் கம்பி நனைஞ்சாலும் இப்படி ஆடும். பள்ளத்து மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்துடுங்க."

நாராயணப்பன் ஜன்னல் வழியாக மேடை நடுவிலிருந்த மூடியைப் பார்த்தார்.

நேற்றுச் சாயங்காலம். மேடை நடுவே இரும்பு மூடி திறந்து கிடந்தது. பக்கத்தில் கரியப்பன் வாளியோடு நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான், எப்போது இறங்கச் சொல்வார்கள் என்று பார்த்தபடி. லாரி வந்து மேடை விளிம்பில் நின்றது. எடை போடும்போது டிரைவரைத் தவிர யாரும் லாரியில் இருக்கக் கூடாது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு லாரிக்கும் கத்துவதைப் போல, குனிந்து நோட்டைத் தேடிக்கொண்டே, அறைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஆள் எறங்கு!"

நிமிர்ந்தபோது கரியப்பன் இல்லை. வாளியும் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. சொல்லாமல் போய்விட்டான் பார் என்று திட்டிக்கொண்டே மூடியைக் காலால் தள்ளிச் சாத்திக் கொக்கி போட்டார். லாரியை ஏறச் சொன்னார்.

ஆள் எறங்கு. லாரிக்காரனுக்குச் சொன்னது. லாரிக்காரனுக்குத்தான்.

"அண்ணா."

திடுக்கிட்டார். ஜன்னலுக்கு வெளியே உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரியப்பன் பெண்டாட்டி சாந்தம்மா.

"ராத்திரி அவரு வூட்டுக்கு வரலண்ணா."

"எங்கியாச்சும் குடிச்சுட்டுக் கெடப்பான்."

"அவரு குடிக்கமாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா? அதோ செருப்பு கெடக்குதே."

செருப்பை எடுக்க மேடைமேல் ஏறி நடந்தாள். போனில் ஆனந்த் கேட்டான்: "பெரியவரே, வரிய அழிச்சாத்தான் எடம் கெடைக்கும். மூடியப் பாத்துட்டு அழிக்கலாமா, இப்பவே அழிச்சிடலாமா?"

"அழிச்சிடு."

அவன் சொன்ன எழுத்துகளை அமுக்கினார். ஒவ்வொன்றாக அமுக்கினார். திரை ஒருமுறை இருண்டது. பச்சை மலை வந்தது. எடைக்கட்டம் வந்தது.

சாந்தம்மா மூடியின்மேல் நின்றிருந்தாள். கையில் செருப்பு. கட்டத்தில் 50.

40.

தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

30.

"அண்ணா, இங்க வாங்களேன்."

20. 10.

சுழி. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். இரண்டு காலும் இரும்பின்மேல். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுழி. பிறகு, மெல்ல, அந்தக் கோடு.

"பெரியவரே? படம் வந்துடுச்சா?"

ரிசீவரை மேசைமேல் வைத்தார். குடையை எடுத்தார். மேடைப் பக்கம் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி, ஹாரன் அடிக்கும் லாரிகளை ஒட்டி, ரோட்டைப் பார்த்து நடந்தார்.

கம்பி நனைஞ்சிருக்கு. அவ்வளவுதான். இல்லாவிட்டால் அவன் இறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?

பின்னால் சாந்தம்மா மண்டியிட்டு, இரும்பை உள்ளங்கையால் மூன்று முறை தட்டினாள்.

அடியிலிருந்து மூன்று தட்டு வந்தது.