அப்பப்பாவின் சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் இருக்கிறது. நாங்கள் அதில் ஏறிப் போனதைவிட, அதைத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம்.

கார் வெளிக்கிடும் சத்தம் கேட்டாலே போதும், பக்கத்து வீட்டு ராசு மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"நிறஞ்சனா, இண்டைக்கு எங்கை மட்டும் தள்ளவேணும்? சந்தி மட்டுமோ, முல்லைத்தீவு ரவுண் மட்டுமோ?" என்று கேட்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கார் என் அப்பப்பாவுடையது, அதாவது அப்பாவின் அப்பாவுடையது. நான் பிறக்க முன்பே அவர் இறந்துவிட்டார். போரில் இடம்பெயர்ந்தபோது, ஸ்கந்தபுரத்தில் ஓர் உறவினரின் மாட்டுக்கொட்டிலில் விட்டுவந்த அந்தக் காரைப் போன வருடம்தான் அப்பா லொறியில் ஏற்றி வந்தார். கடலுக்குப் போகாத நாட்களில் எல்லாம் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். புதுப் பிளக்குகள் போட்டார். கார் ஸ்ராட் ஆகியது. ஆனால் மணலைக் கண்டால் மட்டும் அதற்கு இளைத்தது.

சனிக்கிழமை பிரியந்தினி மாமிக்குக் கல்யாணம். மாமி என் அப்பாவின் ஒரே தங்கச்சி.

"நான் பிறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது இந்தக் கார்லதான். கோயிலுக்கும் இதிலதான் போவன்" என்று மாமி எப்போதோ சொல்லிவிட்டார். எங்கள் மாதா கோயிலுக்குப் போகும் பாதை முழுவதும் கடல் மணல்.

வியாழன் பின்னேரம் ஓடிப் பார்த்தோம். கார் மணலில் இறங்கியது. இருமியது. முன்பக்கத்தால் ஆவி பறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"இனிச் சரிவராது. நாளைக்கு ஒரு வான் பிடிக்கிறன்" என்றார் அப்பா.

பின்சீற்றில் இருந்த மாமி, "ஓம் அண்ணா, அது பரவாயில்லை" என்று சொன்னார். பிறகு மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

கார் ஆறட்டும் என்று அப்பா பொனற்றைத் திறந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். வயர்கள் முளைத்த கறுப்பு மூடி ஒன்று தெரிந்தது. அதுதான் டிஸ்ரிபியூட்டர். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி எந்த நேரத்தில் விழவேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அதன் உடம்பில் ஒரு சிவப்புக் கோடும், எஞ்சினில் ஒரு சிவப்புக் கோடும் நேருக்கு நேர் நின்றன.

"இதைக் கொஞ்சம் திருப்பிப் பாப்பமோ, அப்பா?"

"கை வைக்காதை! அது உன்ர அப்பப்பா வைச்ச குறி. வள்ளத்துக்குப் பூசின மிச்சப் பெயின்ற்றால கீறினவர். அவர் வைச்ச குறியில பிழை வராது."

"எப்ப கீறினவர்?"

அப்பா காரில் சாய்ந்துகொண்டார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப எனக்கு உன்ர வயசு. சண்டையால வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. நான் முன்சீற்றில ஒரு மருந்துக் குப்பியில பெற்றோல் வைச்சுக்கொண்டு இருப்பன். ஸ்ராட் பண்ணேக்க மட்டும் காபரேற்றருக்குள்ள நாலு சொட்டு விடுறது என்ர வேலை. பெரிய உத்தியோகம் பாக்கிற மாதிரி நிமிர்ந்து இருப்பன்!"

மாமியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்கட கார் வாறது முதல்ல மணத்தாலதான் ஊருக்குத் தெரியும். இவளைக் கொண்டு வந்த அண்டைக்கு, அம்மா சேலைத் தலைப்பால இவளின்ர மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவா. அப்பப்பா வழிநெடுகப் பாட்டு!" என்று அப்பா தொடர்ந்தார்.

மாமி சிரித்தார். எனக்கும் அந்தக் காரில் இருந்திருக்க வேண்டும்போல் ஆசையாக இருந்தது.

"மண்ணெண்ணெய் ஊத்தினாக் கார் சும்மா ஓடுமோ, அப்பா?"

"சும்மா ஓடாது. பொறி கொஞ்சம் பிந்தி விழவேணும். இல்லாட்டி எஞ்சின் டக் டக்கெண்டு தட்டும். அதுக்குத்தானே அப்பப்பா டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.

"அப்ப, இது மண்ணெண்ணெய்க்கு வைச்ச குறியோ?"

அப்பா குனிந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார்.

"நாங்கள் இப்ப ஊத்துறது பெற்றோல் எல்லோ!"

"ஐயோ!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

"அப்பப்பா பிழை விடேல்லை, அப்பா. அவர் சரியாத்தான் வைச்சிருக்கிறார். நாங்கள்தான் எண்ணெயை மாத்திப்போட்டம்."

அப்பா ஸ்பானரை எடுத்து ஆணியைத் தளர்த்தினார். ஆனால் டிஸ்ரிபியூட்டரைப் பிடித்த கை அசையவே இல்லை.

"எங்கட அப்பாவின்ர படம்கூட எங்களிட்ட மிச்சமில்லை. அவற்ர கை பட்டதில இந்தக் கோடுதான் அப்பிடியே கிடக்குது" என்றார் மெதுவாக.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

"மாமி, கல்யாணத்துக்கு வாங்கின கியூட்டெக்ஸ் உங்கட பையில இருக்குதோ?"

"இருக்குது. இப்ப என்னத்துக்கு? நகத்துக்குப் பூசப்போறியோ?"

"இல்லை, காருக்கு! அப்பா, சிவப்புக் கோட்டை அழிக்க வேண்டாம். அது அப்பிடியே இருக்கட்டும். பெற்றோலுக்கு நாங்கள் புதுசா ஒண்டு கீறுவம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஸ்ராட் பண்ணு, தங்கச்சி" என்றார்.

மாமி காரை ஸ்ராட் செய்தார். அப்பா டிஸ்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினார். எஞ்சின் சத்தம் உஷாரானது. மணலில் ஓடிப் பார்த்தபோது டக் டக்கென்று தட்டியது. "கூடிப்போச்சு" என்று அப்பா ஒரு துளி திருப்பிவிட்டார். மீண்டும் ஓடினோம். இந்த முறை தட்டவில்லை, இருமவில்லை. கார் மணலைக் கிழித்துக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றது!

அப்பா ஆணியை இறுக்கினார். நான் எஞ்சினில் இருந்த கோட்டுக்கு நேரே, டிஸ்ரிபியூட்டரில் ஊதா நிறத்தில் ஒரு கோடு கீறினேன். கொஞ்சம் கோணல்தான். அப்பப்பாவின் கோடும் கோணல் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை மாமி வெள்ளைச் சேலையும் முக்காடுமாகக் காரில் ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன அண்ணா, மண்ணெண்ணெய் மணக்கவே இல்லை?"

"மணக்க வேணுமெண்டாச் சொல்லு. சிவப்புக் கோடு அங்கதான் இருக்குது, மண்ணெண்ணெயை ஊத்தித் திருப்பிவிடலாம்" என்றார் அப்பா.

மாமி முக்காடு நழுவும் அளவுக்குச் சிரித்தார். நான் பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன். காரைத் தள்ளுவதற்கென்றே வந்த ராசு மாமா, தள்ள வேலையில்லாமல், புது வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.