கச்சானுக்குச் சனிக்கிழமை மட்டும் ஏன் வருத்தம்?

கச்சான் என்றால் வேர்க்கடலை. ஆனால் செவன் கிங்ஸ் என்ற ஊரில், சுவர்ணாவின் வீட்டில் இருக்கும் கச்சானுக்கு நாலு கால்களும் ஒரு வாலும் உண்டு. யாருடைய காலுறையைக் கண்டாலும் இழுத்துக்கொண்டு ஓடும் கெட்ட பழக்கமும் உண்டு.

கச்சான் ஒரு ஃபெரட். பார்ப்பதற்கு ஒல்லியான கீரிப்பிள்ளை போல இருக்கும். வீடில்லாத பிராணிகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்திலிருந்து சுவர்ணாவின் பிறந்தநாளுக்கு அதைக் கூட்டி வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதன் வயிற்றைத் தவிர.

அன்று சனிக்கிழமை. காலையிலேயே அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சுவர்ணா! இஞ்ச வந்து பார். திரும்பவும் வயித்தால போயிருக்கு. கார்ப்பெட் முழுக்க!"

கச்சான் கூட்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. காலுறையை ஆட்டிக் காட்டியும் எழும்பவில்லை. சுவர்ணாவுக்கு அழுகை வந்தது.

மிருக வைத்தியரிடம் ஏற்கெனவே இரண்டு தடவை போயாகிவிட்டது. ஃபெரட்டின் வயிறு இறைச்சிக்கு மட்டுமே பழகியது, பால், சோறு, பழம் எதுவும் அதற்குச் செரிக்காது என்று அவர் சொன்னார். "அதுக்குரிய சாப்பாட்டைத் தவிர வேறொண்டும் குடுக்கிறேல்லை" என்று அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அப்பா இரண்டு தடவையும் உள்ளே வரவில்லை. பார்க்கிங் கிடைக்காததால் காருக்குள்ளேயே காவல் இருந்தார். மருந்து கொடுத்தால் கச்சானுக்குச் சுகமாகும். பிறகு வருத்தம் மறுபடியும் வரும்.

"எனக்கு ஏலாது பிள்ளை" என்றார் அம்மா. "இன்னுமொருக்கா இப்பிடி வந்தால் காப்பகத்திலயே திருப்பிக் குடுத்திடுவம். அவைக்கெண்டாலும் பாக்கத் தெரியும். பாவம், அதுவும் எவ்வளவுக்குத்தான் தாங்கும்?"

அம்மா கோபமாகச் சொல்லியிருந்தால் சுவர்ணா சண்டை போட்டிருப்பாள். அம்மா கவலையோடு சொன்னதால் அவள் வாளியையும் துணியையும் எடுத்து வந்தாள்.

கூட்டைக் கழுவித் துடைத்துவிட்டு அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பாடம் தொடங்கிவிட்டது.

"ஏன் சுவர்ணா, ஒவ்வொரு சனியும் பிந்தி வாறீர்?" என்று பிரீத்தா ரீச்சர் கேட்டார்.

"கச்சானுக்கு வயித்தால போகுது, ரீச்சர். என்ர ஃபெரட்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின் வரிசையிலிருந்து துஷாந்தன் எழும்பினான்.

"அதென்ன, உங்கட கச்சானுக்குச் சனிக்கிழமையில மட்டும்தான் வருத்தம் வருமோ? எனக்கும் அப்பிடித்தான். தமிழ்ச் சோதினை எண்டால் உடனே வயித்துக்குத்து!"

ரீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவர்ணா மட்டும் சிரிக்கவில்லை. துஷாந்தன் சொல்வது சரிதானே! மற்ற நாட்களில் கச்சான் வீட்டையே தலைகீழாக்கும். சனிக்கிழமை காலையில்தான் படுத்துவிடும். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை அது எதையோ தின்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவார். அன்று அப்பாவுக்குக் காலை ஷிப்ட். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். கச்சானுக்குச் சாப்பாடு போடுவதும் அவர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "அம்மா, இண்டைக்கு நீச்சல் வேண்டாம். வீட்டை போவம்" என்றாள் சுவர்ணா. அம்மா அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுக் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனார்.

அப்பா குளித்து, விபூதி பூசி, சமையலறைத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் கச்சானின் கிண்ணம். அதில் பால் விட்டுப் பிசைந்த சோறு. மேலே, சாமிக்குப் படைத்த வாழைப்பழம் துண்டு துண்டாக. கச்சான் அதில் வாய் வைக்கப் போனது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ!"

சுவர்ணா பாய்ந்து கச்சானைத் தூக்கிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை? பாவம், பசியோட நிக்குது" என்றார் அப்பா.

"இதையோ ஒவ்வொரு வெள்ளியும் குடுக்கிறனீங்கள்?"

"ஓம். வெள்ளிக்கிழமையெல்லோ! வீட்டில ஒருத்தரும் மச்சம், மாமிசம் தொடுறேல்லை. கச்சானும் எங்கட வீட்டுப் பிள்ளைதானே? அதான் நல்ல சைவச் சாப்பாடாக் குழைச்சுக் குடுக்கிறனான்."

சுவர்ணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. பாசத்தோடு பழத்தை எவ்வளவு சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்!

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வைத்தியர் சொன்னதை மெதுவாக எடுத்துச் சொன்னாள். அப்பாவின் கை கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது.

"அப்ப, இவ்வளவு நாளும் நானோ அதுக்கு வருத்தத்தைக் குடுத்தனான்?" அவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எண்டாலும் பிள்ளை, வெள்ளிக்கிழமையில இறைச்சி..."

சுவர்ணா சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, முருகன்ர மயில் என்ன சாப்பிடும்?"

"பூச்சி, புழு... பாம்பையும் கொத்தும்."

"வெள்ளிக்கிழமையில?"

அப்பா படத்தைப் பார்த்தார், கச்சானைப் பார்த்தார்.

"மயிலுக்கு முருகனே ஒண்டும் சொல்லேல்லை. கச்சானுக்குச் சொல்ல நான் ஆர்?" என்று எழும்பிப் போய், கச்சானின் இறைச்சித் தீனியை எடுத்து வந்தார்.

கச்சான் கிண்ணத்தைக் காலி பண்ணிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்தார்.

"நான் சொல்லட்டோ அப்பா?" என்று சுவர்ணா மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் செய்ததை நான்தான் சொல்லவேணும்."

அப்பா முழுக் கதையையும் சொன்னார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "நாளைக்குக் காலமை பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கூட்டுக்கு முன்னால் நின்றார்கள். கூடு சுத்தமாக இருந்தது. கார்ப்பெட்டும் சுத்தமாக இருந்தது. கச்சான் ஒரு பெரிய கொட்டாவி விட்டது. கதவைத் திறந்ததும் துள்ளி வெளியே வந்து, அம்மாவின் கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அம்மா குனிந்து அதைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

"இவரைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்லை" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்களைத்தான் குடுக்கலாமோ எண்டு யோசிக்கிறன்."

சுவர்ணா ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவையும் வச்சிருப்பம், அம்மா. நல்லவர். கடிக்கவும் மாட்டார்."