நாற்பத்து மூன்று உத்தரவுகள்

அன்று காலை சமையலறையில் பாத்திரங்கள்தான் முதலில் பேசின. அந்த வீட்டின் இளைய மருமகளான சின்னவள் டம்ளரை வைத்த வேகத்தில் டீ மேடையெல்லாம் சிந்தியது.

"அக்காவுக்கு ஊர்ல உள்ள சனம் மேலெல்லாம் இரக்கம்தான். ஒரே வீட்டுல இருக்கற எங்க மேலதான் இல்ல," என்றாள் சுவரைப் பார்த்து.

மூத்த மருமகளான பெரியவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

வாசலறையில் பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த அவள் கணவர் தலை நிமிரவில்லை. "பதினோரு நாளாச்சு. தம்பி ஆபீசுலயே வேலை பாத்துக்கிட்டு, அவன் சொல்ற வேலைய மாட்டேங்கற. அவன் வேலைக்கே உலை வச்சிடாத."

"மத்த வேலையெல்லாம் செய்யறேங்க. அது ஒண்ணுதான் முடியாது."

தண்டவாளத்துக்கு அப்பால் குடியிருப்பவர்கள் பாட்டன் காலத்துப் பதிவுச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தப் பதிவேடுகள் என்றைக்கோ வெள்ளத்தில் அழிந்துபோனவை என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். உத்தரவைத் தயாரிக்க மறுக்கும் ஊழியருக்குச் சிறை என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவும் இருந்தது.

பெரியவள் அங்கே தட்டச்சர். காலையில் கோப்புகள் மேசைக்கு வந்ததும் அந்த உத்தரவுகளைத் தனியே பிரித்தெடுப்பாள். 'இது அநியாயம். இதை நான் தட்டச்சு செய்ய மாட்டேன்' என்று ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, உதவி அலுவலரின் மேசையில் வைத்துவிட்டு வருவாள். அந்த உதவி அலுவலர் அவள் கொழுந்தன்.

அவள் மருமகளாக வந்தபோது அவனுக்கு எட்டு வயது, தாயில்லாப் பிள்ளை. அவன் பள்ளிக்கூடத்துச் சட்டைக்குப் பொத்தான் தைத்ததிலிருந்து தட்டச்சு கற்றுக்கொடுத்ததுவரை எல்லாம் அவள் கைதான். அவள் எழுதவேண்டிய பதவி உயர்வுத் தேர்வும் அவனுடைய தேர்வும் ஒரே வருஷத்தில் வந்தன. அவன் படிக்கட்டும் என்று தன் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள். அவன் அலுவலர் ஆனான். அவள் தட்டச்சராகவே இருந்தாள்.

பதினோரு நாளாகியும் யாரும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

விடை அன்று அலுவலக வாசலில் கிடைத்தது. துணி தேய்க்கும் பெண் ஒருத்தி வழி மறித்து ஒரு தாளை நீட்டினாள்.

"இத அடிச்சது நீதானாமே? கீழ இருக்கறது உன் பேரோட எழுத்துன்னு உள்ள சொன்னாங்க. எங்க தெருவுல மட்டும் நாப்பத்து மூணு வீட்டுக்கு வந்திருக்கு. உனக்குப் புள்ளகுட்டி இல்லையா தாயி?"

பெரியவள் தாளை வாங்கிப் பார்த்தாள். கீழே இடது மூலையில், அடித்தவர் யார் என்று குறிக்கும் இடத்தில், அவளுடைய முதலெழுத்துகள் இருந்தன. மேலே இருந்த வரிகளில் ஒவ்வொரு காற்புள்ளிக்கு முன்னாலும் ஓர் இடைவெளி. உலகத்தில் அப்படி அடிப்பவன் ஒருவன்தான். எத்தனை தடவை சொல்லியும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை.

நேரே கொழுந்தனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ அடிச்சியா?"

அவன் முகம் வெளுத்தது. "வேற என்ன அண்ணி செய்யச் சொல்றீங்க? நீங்க மாட்டேன்னது மேல தெரிஞ்சா ஜெயில். எல்லாரும் போனப்புறம் நானே உக்காந்து அடிச்சேன். உங்களக் காப்பாத்தத்தான்..."

"என்னைக் காப்பாத்த நாப்பத்து மூணு குடும்பத்தத் தெருவுக்கு அனுப்பினியா? அதுவும் எம்பேர்ல?"

"அண்ணி..."

"கைய வெட்டிக்கிட்டாலும் அடிக்க மாட்டேன்னுதான் இருந்தேன். நீ என் கையாலேயே அடிச்சிட்ட." அவள் குரல் உடைந்தது. "உன்னக் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா இனிமே மறைஞ்சும் நிக்க மாட்டேன்."

மேலதிகாரியிடம் போய், தான் மறுத்ததையும் இனியும் மறுக்கப்போவதையும் எழுதிக் கொடுத்தாள். மதியத்துக்குள் போலீஸ் வந்தது. மேசையைத் துடைத்து, சாவியை ஒப்படைத்துவிட்டு, அவளாகவே எழுந்து நடந்தாள்.

மூன்றாம் நாள் நீதிமன்றம். பின்வரிசையில் தண்டவாளத்துப் பக்கத்து ஜனங்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் பார்வை அவளைச் சுட்டது. இந்தப் பக்கம் கணவர், சின்னவள், கொழுந்தன்.

"மறுத்தேன் என்கிறீர்கள். நாற்பத்து மூன்று உத்தரவுகளில் உங்கள் முதலெழுத்து இருக்கிறதே?" என்று நீதிபதி கேட்டார்.

"மறுத்தது உண்மைங்க. இந்தச் சட்டம் தப்பு, அதுக்கு என் கை உதவாது. மீறினதுக்குள்ள தண்டனையக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"இந்த உத்தரவுகளை அடித்தது யார்?"

"தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதச் சொல்லவும் மாட்டேன்."

"தப்பிக்க நாடகம் ஆடறா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பவில்லை.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் இப்போதே விட்டுவிடலாம்."

"கேட்டுடு... வீட்டுக்குப் போயிடலாம்," என்று கெஞ்சினார் கணவர்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அப்போது கொழுந்தன் எழுந்தான். சின்னவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்தான். சட்டைப்பையிலிருந்து கட்டி வைத்திருந்த சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தான்.

"பதினோரு நாள், பதினோரு சீட்டு. அண்ணி எழுதிக் குடுத்தது. உத்தரவெல்லாம் நான் அடிச்சேன். அவங்க எழுத்தப் போட்டதும் நான்தான். இந்த மூணு நாளா என்னால சோத்துல கை வைக்க முடியல."

நீதிபதி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடிக்காதவர் பெயரில் வந்த நாற்பத்து மூன்று உத்தரவுகளும் செல்லாது என்றார். சட்டத்தை மீறியதற்காகப் பெரியவளுக்கு ஒரு மாதச் சிறை. அரசு ஆவணத்தில் பொய் எழுத்துப் போட்டதற்காகக் கொழுந்தனையும் காவலில் வைக்க உத்தரவானது.

வாசலில் போலீஸ் வண்டி நின்றது. துணி தேய்க்கும் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே தாயி..."

"உங்க நெலமையில நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். சட்டம் இன்னும் இருக்கு. புதுசா அடிச்சு அனுப்புவாங்க, பாத்துக்குங்க."

சின்னவள் விம்மிக்கொண்டு வந்தாள். "உங்களாலதான் இவருக்கு..." என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் பெரியவளின் தோளில் சாய்ந்து அழுதாள். பெரியவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வண்டிக்குள் கொழுந்தன் எதிர்ப் பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு பெண் போலீஸ். வண்டி தெருமுனை திரும்பியது.

"அண்ணி... எம்மேல கோவமா?"

"ஆமா."

அவன் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"கோவம் சீக்கிரம் போகாதுடா. நாப்பத்து மூணு வீட்டுலயும் மூட்டை கட்டி வச்சு அழுதிருப்பாங்க." பெரியவள் அனுமதி கேட்பதுபோல் பெண் போலீஸைப் பார்த்தாள். போலீஸ்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள் சற்று நகர்ந்து, பலகையில் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காரு," என்றாள்.