ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம்

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

மாளிகையின் முன்கூடத்தில், வீட்டை ஆண்ட பழைய முதலாளியின் ஆளுயரப் படத்துக்குக் கீழே, விருந்தினர்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் சட்டைக் காலரில் செருகியிருக்கும் மைக்கில் கிசுகிசுத்தால் போதும், கூடத்தின் கடைசியில் நிற்பவருக்கும் காதோடு சொல்வதுபோல் கேட்கும். இத்தனை விலை கொடுத்து வருகிற சுற்றுலாவில் கைடு கத்தக் கூடாது, கொடி பிடித்துக்கொண்டு முன்னால் ஓடக் கூடாது. எல்லாமே மெதுவாக, மெத்தென்று நடக்க வேண்டும். ஆனால் மைக்கை அவள் இன்னும் போடவே இல்லை. அதிலிருக்கும் குட்டிப் பச்சை விளக்கு அணைந்துதான் இருந்தது.

"அந்த மூக்கு விஷயம் பிரமாதம்மா," என்றார் விருந்தினர்களில் ஒருவரான டாக்டர், படத்தைக் காட்டி. "மழை பெஞ்சா மூக்குக்கு மட்டும் தனியா குடை வேணும்னீங்களே!"

அது அவளுடைய ஜோக்தான். இந்தப் படத்தின் கீழே வழக்கமாகச் சொல்வது. இப்போதும் சொல்லத்தான் போனாள். சொன்னோமா, இல்லையா? காலையிலேயே பஸ்ஸில் உளறிவிட்டோமோ? அசடு வழியச் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது?

கூட்டத்தின் கடைசியில் அவளுடைய அக்கா நின்றாள். பச்சைச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இயர்போனை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தபடி, எதிரே இருந்த படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனதால் காலியான இடம் அவளுக்குக் கிடைத்தது. அம்மா போன பிறகு இவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் அனுப்பியவள் அக்கா. தனக்கென்று ஒரு ஊரையும் பார்த்ததில்லை. காலையில் பஸ் ஏறியதும் தோல் இருக்கையைத் தடவிப் பார்த்து, "ஏண்டி, செருப்பைக் கழட்டிட்டு உக்காரணுமா?" என்று கேட்டாள். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்கா வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் மாடியில் இருந்த அந்தப் படுக்கையறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் பயம்.

அங்கே சுவரோடு சுவராக ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்தால் துணி வைக்கும் அலமாரி. ஒரு ஆள் நிற்கலாம். பின்பக்கம் வெறும் சுவர். அதற்கு அப்பால் அறை கிடையாது, தோட்டமும் வெளிக்காற்றும்தான். ஒரு நாள் ஒரு விருந்தினர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "எங்களுக்குன்னு தனியா எதுவும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். வாய் சும்மா இருந்தால்தானே! அந்த நிமிடத்தில் அவள் ஒரு கதை கட்டினாள். இந்த வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். எஜமானியின் கண்ணாடியை உடைத்துவிட்டாள். எஜமானி அவளை இந்த அலமாரிக்குள் நிறுத்திச் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டாள்.

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து நின்றார். "பாக்க எப்படி இருப்பா?" என்று கேட்டார்.

எப்படி இருப்பாள்? யோசிக்க நேரமில்லை. நாவில் அக்காதான் வந்தாள். இடது புருவத்தில் அடுப்பு சுட்ட தழும்பு. இடதுகைப் பழக்கம். கதவைத் தட்டினால் ஒரு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு அவசரமாக இரண்டு. டொக்... டொக்டொக். வீட்டில் குளியலறைக் கதவை அக்கா அப்படித்தான் தட்டுவாள். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா சேர்த்தாள். தாகத்தில் ஈரச் சுவரை நக்கி நக்கி அந்த வேலைக்காரப் பெண்ணின் உதடும் மோவாயும் சுண்ணாம்பாய் வெளுத்துப் போயின. சுரண்டிச் சுரண்டி விரல்களில் நகமே இல்லாமல் போயிற்று. இதெல்லாம் அக்காவிடமிருந்து எடுத்ததல்ல, சுத்தமான கற்பனை. கடைசியில், "ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம், யாரு வர்றீங்க?" என்பாள். துணிந்தவர் உள்ளே போவார், கதவைச் சாத்துவாள், பக்கத்துப் பலகையில் விரல் முட்டியால் அக்கா மாதிரியே தட்டுவாள். உள்ளே ஒரு அலறல், வெளியே ஒரே சிரிப்பு. கம்பெனிக்கு வந்த பாராட்டெல்லாம் அந்த அலமாரிக்குத்தான்.

இன்றைக்கு அந்தக் கதை வேண்டாம். தன்னைக் கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்த கதையைக் கேட்டால் அக்கா என்ன நினைப்பாள்? திரைச்சீலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டியதுதான்.

மாடியில் எல்லா ஜன்னலிலும் திரை போட்டிருந்தது. வெயில் பட்டால் பழைய பட்டு நைந்துவிடும் என்பதற்காகப் பகலிலும் இந்த வீடு அந்தி மாதிரிதான் இருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அது கூரை ஓடுகளில் விழும் சத்தம் கீழே வரும்போது, பக்கத்து அறையில் யாரோ துணியை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் கேட்டது. மரத்துக்குப் போடும் மெழுகின் வாசனை, பூச்சி உருண்டை வாசனை, நாள்பட்ட தூசியின் வாசனை, எல்லாம் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு அடியில் இன்றைக்குப் புதிதாக ஒன்று. குளிர்ந்த, பச்சையான வாசனை. புது வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அது. ஈரச் சுண்ணாம்பு.

"எங்கயாவது பூச்சு வேலை நடக்குதா?" என்று கீழே எட்டிப் பார்த்துக் காவல்காரரைக் கேட்டாள்.

"இல்லையேம்மா. உங்க ஆளுங்களைத் தவிர இன்னைக்கு யாருமே உள்ள இல்ல."

இசைக்கூடத்தில் அவள் பியானோவைக் காட்டக் கையைத் தூக்குவதற்குள் எல்லோரும் பியானோ பக்கம் திரும்பிவிட்டார்கள். நூலகத்தில் அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர்கள் உள்ளே போய், அவள் வழக்கமாகக் காட்டும் ஏணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசும்போது ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நிறுத்திய பிறகும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். வேறு கூட்டத்தின் ஒலி குறுக்கே விழுகிறதோ? ஆனால் வேறு கூட்டம் ஏது? வீடு முழுவதும் தங்களுக்கு மட்டும் வேண்டும் என்றுதானே இவர்கள் வந்திருக்கிறார்கள்.

"இயர்போன்ல எல்லாம் சரியா கேக்குதா?" என்று டாக்டர் மனைவியிடம் கேட்டாள்.

"நல்லா கேக்குதும்மா. உங்க குரல் இன்னைக்கு ரொம்ப மெதுவா, ரொம்பக் கிட்ட இருக்கு. எனக்கு மட்டும் சொல்ற மாதிரி."

அவள் மைக்கைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரியவில்லை.

அதைக் காலரிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கருவி கெட்டுவிட்டது, அவ்வளவுதான், இன்றைக்குச் சத்தமாகவே பேசிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தாள். சுண்ணாம்பு வாசனை இங்கே மூக்கை அடைத்தது.

"இந்தத் திரைச்சீலை முழுக்கக் கைத்தையல்," என்றாள் சத்தமாக.

ஒருவரும் திரைச்சீலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தச் சின்னக் கதவைப் பார்த்தபடி அரைவட்டமாக நின்றார்கள். டாக்டர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ பாவம்," என்றாள். கழுத்தில் கேமரா தொங்க நின்ற ஒருவர் உச்சுக்கொட்டினார்.

அக்கா மட்டும் தங்கையைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. இடதுகை தானாக இடது புருவத்துக்குப் போனது.

"ஏண்டி, இது என்னைப் பத்திதானே?"

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லலையே!"

"சொல்லிட்டுதானே இருக்கே. இப்பவும்."

அறையில் மழைச் சத்தம் மட்டும்தான். அவள் டாக்டர் மனைவியின் காதிலிருந்து இயர்போனை உருவித் தன் காதில் வைத்தாள். உள்ளே அவளுடைய குரல். அவளுடைய இழுப்பு, அவளுடைய மூச்சு, வாக்கியத்துக்கு நடுவில் அவள் விடும் அந்தச் சின்ன இடைவெளி கூட.

"...ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம். யாரு வர்றீங்க? வாக்கா. பயப்படாதே. நான் இங்கதான் நிக்கிறேன்."

அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. சின்ன வயதில் இவள் விளையாடக் கூப்பிட்டால் வருமே, அதே சலித்துக்கொள்ளும் சிரிப்பு. "சரி சரி, வந்து தொலைக்கிறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள்.

"கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க சார்," என்றது குரல்.

கேமராக்காரர் மரியாதையாகச் சாத்தினார்.

"வேண்டாம்!"

அவள் பாய்ந்தாள். கேமராக்காரரைத் தள்ளினாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

அக்காவின் செருப்பு மட்டும், ஜோடியாகக் கழற்றி வைத்தபடி. பின்சுவர் ஈரமாக மின்னியது. தொட்டாள். விரல் புதைந்தது. இப்போதுதான் பூசிய சுவர்.

உள்ளிருந்து. டொக்... டொக்டொக்.

விருந்தினர்கள் கைதட்டினார்கள். "சூப்பர்!" என்றார் டாக்டர். "எப்படிங்க பண்றீங்க?"

"அக்கா உள்ள இருக்கா! ஐயோ, யாராவது வாங்க! சுவரை உடைங்க!"

கைதட்டல் இன்னும் பலமாயிற்று. கேமராக்காரர் அவள் முகத்தைப் படம் எடுத்தார். டாக்டர் மனைவி இன்னொரு காதில் தொங்கியதைச் சரிசெய்துகொண்டு, தோளைத் தட்டி, "என்னமா நடிக்கிறீங்க!" என்றாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பேசிச் சிரித்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள், காதில் அந்தக் குரல் அழைத்துப் போன வழியில்.

அவள் சுரண்டினாள். மேல்பூச்சு கையோடு வந்தது, அதற்கடியில் கல். நகம் மடங்கியது. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், அக்காவின் குரல் கேட்டது.

"ஏய்... போதும்டி விளையாட்டு. இருட்டா இருக்கு. கதவைத் திற."

"திறக்கறேன்கா! இதோ திறக்கறேன்!"

திறக்க அங்கே கதவு இல்லை. சுவருக்கு அப்பால் மழையும் தோட்டமும்தான். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் தட்டுவாள். பிறகு கெஞ்சுவாள். பிறகு தாகம். பிறகு சுவரை நக்குவாள். பிறகு நகங்கள். ஒவ்வொன்றையும் கதையில் இவள்தான் வைத்தாள். நன்றாகப் பொருத்தி, ரசித்து வைத்தாள். பாவி, பாவி என்று தன் வாயிலேயே அறைந்துகொண்டாள்.

கதை என்னுடையதுதானே. மாற்றிவிட்டால்?

பையிலிருந்து மைக்கை எடுத்தாள். சுண்ணாம்பு அப்பிய விரலால் அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"கேளுங்க... கேளுங்க. முடிவை நான் தப்பா சொல்லிட்டேன்." மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "அவ சாகல. ஒருத்தி திரும்பி வந்தா. தட்டுற சத்தத்தைக் கேட்டா. சுவர் திறந்துடுச்சு. அந்த வேலைக்காரப் பொண்ணு வெளியே வந்துட்டா. உயிரோட வந்துட்டா. எல்லார்கூடவும் சேர்ந்து வீட்டுக்குப் போயிட்டா. அவ்வளவுதான். அவ்வளவுதான் கதை."

பச்சை விளக்கு அணைந்தது.

தட்டுவது நின்றது.

சுவரில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கீழே வாசலில் ஒரு கலகலப்பு, கைதட்டல். அவள் ஓடினாள், ஜன்னல் திரையைக் கிழிக்காத குறையாக இழுத்தாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நின்றது. குடை பிடித்துக்கொண்டு விருந்தினர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், குடை இல்லாமல், பச்சைச் சால்வை.

"அக்கா!"

அழுதாள், சிரித்தாள், கண்ணாடியைத் தட்டினாள். அக்கா வந்துவிட்டாள். இனி இந்த வேலையே வேண்டாம், இந்த வீட்டுப் பக்கமே வேண்டாம். ஏற்றிவிட டிரைவர் கை நீட்டினார். அக்கா இடதுகையைக் கொடுத்தாள். வெறுங்காலைப் படியில் வைத்தாள். கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டு நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

இடது புருவத்தில் தழும்பு.

சிரித்தாள். உதடு வெள்ளை. மோவாய் வெள்ளை. மழை அதன்மேல் வழிந்தும் வெள்ளை கரையவில்லை.

கையைத் தூக்கி ஆட்டினாள். விரல்களில் நகம் இல்லை.

பஸ் கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தது, அவளும் அக்காவும் குடியிருக்கும் வீட்டின் திசையில்.

வேலைக்காரப் பொண்ணு வெளியே வந்துவிட்டாள் என்றல்லவா சொன்னோம்! மைக்கை அழுத்தினாள். எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். எரியவில்லை.

அவளுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, தங்கை திறந்துவிடுவாள் என்ற பொறுமையோடு, அக்கா தட்டினாள்.

டொக்... டொக்டொக்.