உள்ளே எத்தனை பேர்

துணி காய்ந்துவிட்டது, வாடை காயவில்லை. இருக்கையின் உறையைக் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தவளுக்கு, சோப்பு வாசனைக்கு அடியில் எவனோ ஒருவனின் வியர்வை இன்னும் இருப்பது தெரிந்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். யார் யாரோ படுத்துக் கிடந்த துணியெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகிறது, வாடைக்கெல்லாம் முகம் சுளித்தால் பிழைப்பு நடக்காது. இதற்குச் சுளித்தாள். பிசுக்கு ஏறிய தலையணையின் நாற்றம், அதற்குள் கொஞ்சம் தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் குமட்டியது.

உறை அவள் கணவருடைய விண்கலத்தைச் சேர்ந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மனுஷருக்கு நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருவது போதாமல், பின்னறையில் பிளைவுட்டை அறுத்து ஒரு விண்கலத்தின் ஓட்டுநர் அறையைக் கட்டியிருந்தார். ஆள் நிமிர முடியாத கறுப்புப் பெட்டி. உள்ளே மூன்று திரைகள், எஞ்சின் மாதிரி உறும ஒரு ஸ்பீக்கர், கழித்துப்போட்ட லிஃப்டுகளில் கழற்றிய பொத்தான்கள், பழைய இரும்புக் கடையில் வாங்கிய, ரெக்ஸின் தைத்த ஒரு லாரி இருக்கை. ஓட்டினவன் சாகும்வரை இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்த சீட்டு என்று கடைக்காரர் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் இவர். கூட்டாளிகள் வைத்த ‘கேப்டன்’ என்ற பட்டப்பெயரும் அவருக்குக் கேலியாகப் படவில்லை.

அவளும் விட்டுக்கொடுத்தாள். சமையலறைச் சுவரில் ஒரு பழைய லிஃப்டின் அவசரப் பேசியை மாட்டி, பெட்டிக்குள் இருந்த இன்னொன்றோடு இணைத்து, அவளுக்குத் ‘தரை’ என்று பெயரும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டே அவரை விண்ணுக்கு அனுப்புவது அவள் வேலை. அதற்கொரு முறை உண்டு, அவர் தொழிலிலிருந்து வந்தது. நின்றுபோன லிஃப்டை அசைப்பதற்கு முன் உள்ளே எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகுதான் கைவைக்க வேண்டும். இவள் கேட்பாள், அவர் ஒண்ணு என்பார், இவளும் ஒண்ணு என்பாள், பெட்டி உறுமத் தொடங்கும்.

உறை துவைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே வெயில் கொளுத்தியது. அவள் வாணலியின் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“உள்ள எத்தனை பேர்?”

“ரெண்டு.”

மனுஷருக்குக் குறும்பு என்று நினைத்துக்கொண்டாள். கையில் வேலை, மனசு வேறெங்கோ.

“ரெண்டு. கெளம்பலாம்.”

பேசியில் அவர் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்போடு கூடவே, பேசிக்கு இன்னும் நெருக்கமாக, யாரோ தொண்டைக் கோழையை உள்ளே இழுத்து விழுங்கும் சத்தமும் கேட்டது.

வெளியே வந்தவரிடம் என்ன ரெண்டு என்று கேட்டாள். அவர் விழித்தார். ஒண்ணு என்றுதானே சொன்னேன் என்றார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது, அந்த வாடை அவர் மீதே அடித்தது. கழற்ற உதவப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். சட்டைக்கு அடியில், முதுகுத் தோல் முழுக்க மஞ்சள் துணுக்குகள், இருக்கையின் ஸ்பாஞ்சு. தட்டினால் உதிரவில்லை. ஒன்றை நகத்தால் பிடித்து இழுத்தாள். பழுத்த முகப்பருவின் முளையைப் பிதுக்கினால் வருவதுபோல வழுவழுவென்று நீளமாக வந்தது, நுனியில் ரத்தம். அவருக்கு வலிக்கவேயில்லை. அவள் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பை அருவருக்கிறோமே என்று அழுகையும் வந்தது.

“அந்தச் சீட்டத் தூக்கிப் போடுங்க. எனக்கு நீங்க வேணும்.”

நாளைக்குக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். அவள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து அவள் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலிலேயே நாற்றம் வந்து மோதியது. பின்னறையில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூடி உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தது. பிளைவுட்டின் இணைப்புகளில் எண்ணெய் மாதிரி ஏதோ கசிந்து, தரையில் வழிந்து கிடந்தது. தட்டினாள், கூப்பிட்டாள், கெஞ்சினாள். உள்ளே ரெக்ஸின் ரெக்ஸினோடு உரசும் சத்தம் மட்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரெண்டு என்று திருப்பிச் சொன்னவள் அவள். ஒப்புக்கொண்டவள் அவள். வாயால் கெட்டதை வாயாலேயே திருத்திவிடலாம். அவர் ஒண்ணு என்று சொல்லிவிட்டால் போதும், இன்னொருவனுக்கு அங்கே இடமில்லை. சமையலறைக்கு ஓடிப் பேசியை அழுத்தினாள்.

“கேப்டன். தரை பேசறேன். உள்ள எத்தனை பேர்?”

மூச்சு. ஒன்று மெல்லியது. ஒன்று ஈரமானது.

“சொல்லுங்க. உள்ள எத்தனை பேர்?”

ரெக்ஸின் உரசியது. ஏதோ கிழிந்தது. ஏதோ உறிஞ்சப்பட்டது. பிறகு இரண்டு மூச்சும் சேர்ந்துகொண்டன.

“ஒண்ணு.”

அவருடைய குரல்தான். களைத்த குரல். அப்பாடா என்று அவள் சுவரில் சாய்ந்தாள்.

“ஒண்ணு,” என்றாள். “ஒண்ணுதாங்க. எறங்கி வாங்க.”

பின்னறையில் தாழ் விலகும் சத்தம். அவள் ஓடினாள். மூடியைத் தூக்கினாள்.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. மூன்று திரைகளிலும் நட்சத்திரங்கள். அந்த வெளிச்சத்தில் இருக்கை தெரிந்தது. அவரைக் காணவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. ரெக்ஸினில். வரிசையாக.

சீட்டின் தையல் அவர் தோள்வரை ஏறியிருந்தது. கைப்பிடியின் முனையில் விரல்கள். நகம் இருந்தது. சாய்மானம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மடிப்புகளில் மஞ்சள் நீர் பிதுங்கியது.

தலை சாயும் இடத்தில் அவர் முகம். கண்கள் அவருடையவை. அவளை அடையாளம் கண்டு அழுதன.

வாய் அவருடையது இல்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.