பாலம்மா வேலைக்குப் போன ஜூலை

காலை 8.10. கலஹா தேயிலைத் தோட்டம்.

டிலானி இரும்புப் பெட்டியைத் திறந்தாள். கொள்ளுத்தாத்தா பழனியாண்டி கங்காணியின் செக்ரோல் கொப்பியில் ஒரு தாளைக் காணோம். வேலைக்கு வந்தவர்களுக்கு அவர் நாள்தோறும் கோடு போட்ட கொப்பி. நேற்று முழுசாக இருந்தது.

பழனியாண்டியின் ரத்த வாரிசுக்கு அரசு தரும் ஏழு பேர்ச் வீட்டுக் காணி, நாளை பதிவு. அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் வளர்ப்பு என்பது தொழிலாளர் லயத்தில் பழைய பேச்சு. அது செத்துப்போன தம்பி சேதுராமன்தான், டிலானியின் தாத்தாதான் என்று மூத்தவர் முத்துலிங்கம் சத்தியக் கடதாசி கொடுத்துவிட்டார். அடியில் நீல மையில் பெருவிரல் அடையாளம். காணி போனால் லயத்து ஒற்றை அறைக் காம்பராவே கதி.

8.40. முத்துலிங்கம் வந்தார்.

"யாரு கிழிச்சா, பெரிய தாத்தா?"

"என்னையவா கேக்குற? கேம்பஸ் போன திமிரு!"

"திமிருதான். நேத்து பெட்டியத் தொட்டது யாரு?"

"நானும் ஒங்கப்பனும். நான் சும்மா பொரட்டிட்டு வச்சிட்டேன்."

அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அப்பா ஜெயராஜ் திரும்பவில்லை. "விடும்மா. போனா போகட்டும்."

அவள் விடவில்லை. கொப்பியைப் புரட்டினாள். 1951 பெப்ரவரி, சேதுராமன் பிறந்த மாதம்: தாய் பாலம்மாவுக்குக் கோடே இல்லை. மார்ச்சும் வெறுமை. கிழிபட்டது 1949 ஜூன். அந்த மாதம் இருபத்தெட்டில் பிறந்தவர் முத்துலிங்கம்.

"கிழிச்சது ஆம்பளதான். பிள்ளப்பேறு அந்த மாசத்தோட முடிஞ்சிரும்னு நெனச்சிருக்கான். ஜூலையப் பாருங்க!"

ஜூலை ஒன்றிலிருந்தே பாலம்மாவுக்கு நாள் தவறாமல் கோடு. மூன்று நாள் பச்சைப்பிள்ளையை விட்டு எவள் மலையேறிக் கொழுந்து பறிப்பாள்? கீழ் வரிசையில் அவள் தங்கை செவனம்மா. ஜூலை முழுதும் வெறுமை. பிறகு அந்தப் பெயரே இல்லை.

"செவனம்மா பிரசவத்துல செத்திருக்கா. பிள்ளைய அக்கா எடுத்து வளத்திருக்கா. வளர்ப்பு எங்க தாத்தா இல்ல, நீங்க! அதான் கிழிச்சீங்க."

"சின்னம்மா... காய்ச்சல்ல செத்துச்சுன்னாங்களே?" முத்துலிங்கம் கொப்பியைப் பறித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

டிலானிக்குச் சத்தியக் கடதாசியின் நீலப் பெருவிரல் அடையாளம் உறைத்தது. வாசிக்கத் தெரியாதவர் எந்த மாதத்தைத் தேடிக் கிழிப்பார்? தொட்டது இரண்டே பேர்.

"அப்பா?"

ஜெயராஜ் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "ஒன் தாத்தா சாகுறப்ப கையப் புடிச்சுக் கேட்டாரும்மா. அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு."

யாரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அம்மா பேரு எங்கன இருக்கு?" என்றார் கிழவர். "காட்டு."

டிலானி அவர் விரலைப் பிடித்து செவனம்மாவின் வெறும் வரிசையில் வைத்தாள்.